முறை வரும் வேலைகள்

தேயிலைத் தோட்டத்தில் இருந்த நாட்களில், மறக்கக்கூடாத வேலை ஒன்று வந்துவிட்டால் அம்மா சேலை முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார். கடைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி, அடுத்த லயத்துக்குச் சொல்லவேண்டிய சேதி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியிடம் கேட்கவேண்டிய லீவு, எதுவானாலும் ஒரு முடிச்சு. முடிச்சில் எழுத்தில்லை. வேலைக்கு நடுவே கை முந்தானையில் படும், விரல் முடிச்சைத் தொடும், வேலை நினைவுக்கு வரும். முடிந்ததும் அவிழ்த்துவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டு முடிச்சுக்கு மேல் நான் பார்த்ததில்லை. ஏன் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "மூணாவது முடிச்சு போட்டா மொத முடிச்சு எதுக்குன்னு மறந்துரும்" என்றார்.

அடுப்படிச் சுவரில் இன்னொரு கணக்கு இருந்தது. பால் வாங்கிய நாளுக்கு ஒரு கரிக்கோடு. வாங்காத நாளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். சம்பள நாளில் கோடுகளை எண்ணிக் காசு கொடுத்த பிறகு ஈரத்துணியால் துடைப்பார். மறுநாள் காலை அதே இடத்தில் முதல் கோடு விழும்.

முடிச்சு ஒன்றுக்கு, கரிக்கோடு வேறொன்றுக்கு என்று அம்மா பிரித்து வைத்திருந்ததை நான் கவனிக்க நாற்பது வயது கடக்கவேண்டி இருந்தது. கவனிக்க வைத்ததும் ஒரு தவறுதான்.

தோட்டத்து வேலையை விட்டபின் அம்மா எங்களோடு வந்துவிட்டார். கண்டி நகரில் ஒரு கந்தோரில் எனக்கு வேலை, ஹந்தானை மலையடிவாரத்தில் வீடு. அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்தும் முறைகளைப் பற்றி அந்த நாட்களில் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு இரவில் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து வரும் வாரத்து வேலைகளை எல்லாம் எழுதுவேன், முடிந்ததை வெட்டுவேன். ஒரு வரியைப் பேனாவால் குறுக்கே வெட்டுவதில் உண்மையாகவே ஒரு நிறைவு உண்டு. ஒரு வாரம் அந்தப் பக்கத்தில் 34 வரிகள் இருந்தன. மின்சாரக் கட்டணத்துக்கும் குடை தைக்கக் கொடுப்பதற்கும் இடையில் 'அம்மா கிளினிக்' என்று ஒரு வரி. புதன்கிழமை அழைத்துப்போனேன், மாத்திரை வாங்கினேன், வரியை வெட்டினேன். வெட்டியதோடு அது என் கொப்பியிலிருந்து போய்விட்டது. அடுத்த மாதம் அந்த வரியை நான் எழுதவே இல்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆன பிறகு, தலைசுற்றி அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கொப்பியில எழுதி வச்சிருக்கியே தம்பி, ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

எழுதியிருந்தேன். வெட்டவும் செய்திருந்தேன். தவறு என் மறதியில் இல்லை. திரும்பத் திரும்ப வரும் வேலையை ஒருதரம் முடிந்து போகும் வேலையைப் போல எழுதியதில் இருந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தராத எந்த ஒழுங்குமுறையும் வீட்டுக்கு உதவாது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வர எனக்கு வழிகாட்டியவை கண்டியிலேயே கிடைத்த இரண்டு பழைய பாடங்கள். ஒன்று கச்சேரியில், மற்றது தேயிலை மலையில்.

1907 ஆகஸ்ட்டில் லெனார்ட் வுல்ஃப் என்ற இருபத்தாறு வயது ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கச்சேரிக்கு மாற்றலாகி வந்தார். மத்திய மாகாண அரசாங்க அதிபரின் அலுவலக உதவியாளர் பதவி. பின்னாளில் வெர்ஜீனியா வுல்ஃபின் கணவராகவும், அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமம் ஒன்றை வைத்து 1913இல் நாவல் எழுதியவராகவும் உலகம் அவரை அறிந்தது. கண்டியில் அவர் மேசைக்கு வந்தவை பலவகை. கண்டியச் சட்டப்படி மணமுறிவு கேட்டு வருபவர்களை விசாரிக்க வேண்டும், போகம்பறைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது அரசாங்கத்தின் சார்பில் நிற்கவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவே தன் வேலைமுறையை மேலும் மேலும் கூர்மையாக்கிக்கொண்டார். இலங்கைக் கச்சேரிகளில் அவர் பிடிவாதமாகக் கொண்டுவந்த விதி எளியது: வந்த கடிதத்துக்கு வந்த அன்றே பதில் போகவேண்டும். 1961இல் வெளிவந்த தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இந்த விதி ஏன் பலித்தது என்று கந்தோர் வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். பதில் போகாத கடிதம் மேசையில் சும்மா கிடப்பதில்லை. இரண்டு வாரத்தில் நினைவூட்டல் ஒன்றைக் கொண்டுவரும். அதற்குப் பழைய கோவையைத் தேட வேண்டும், தேடியவர் கண்டுபிடித்ததை இன்னொருவர் மறுபடி படிக்க வேண்டும். ஒரு கடிதத்தை மூன்று முறை தொடுவதற்குப் பதில் ஒரே முறை தொட்டு அனுப்பிவிட்டால் மிச்சமாகும் நேரம் பெரியது. வுல்ஃப் இதைக் கண்டுகொண்டார். ஆனால் கடிதத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அதற்கு இலக்கம் உண்டு, திகதி உண்டு, பதில் போனால் கோவை மூடும். வெட்டி முடிக்கக்கூடிய வேலைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆளுநர் தோமஸ் மெய்ட்லண்ட் 1808இல் மாவட்ட அதிகாரிகள் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று வைத்த வழக்கமும் கூடவே இருந்தது. கண்டியிலிருந்து அம்பாந்தோட்டைக்குப் பதவி உயர்ந்து போன வுல்ஃப் அங்கு 1908 முதல் 1911 வரை எழுதிய குறிப்புகள் பின்னர் நூலாகவும் வந்தன. என்ன செய்தோம் என்று இரவில் எழுதவேண்டிய கட்டாயம் பகலில் செய்யும் வேலையை எப்படி நிமிர்த்துகிறது என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி.

வுல்ஃபின் விதிக்கு ஒரு விலையும் இருந்தது. அவருக்குக் கீழிருந்த எழுதுவினைஞர்கள் அந்த வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது. தன்னிடமும் பிறரிடமும் தான் மிகக் கடுமையாக இருந்ததை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்கார உத்தியோகத்தர் வீடுகளில் சமைக்கவும், தண்ணீர் சுடவைக்கவும், உடுப்பு வெளுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். தினமும் திரும்பி வரும் வேலைகளை வேறு கைகள் தாங்கிக்கொண்டதால்தான் முடிந்துபோகும் வேலைகளில் மட்டும் ஒருவரால் முழுக் கவனம் வைக்க முடிந்தது. நேர நிர்வாகம் பற்றி இன்று நாம் படிக்கும் பல நூல்களுக்குள்ளும் அந்தக் கச்சேரி மேசைதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மலைக்குப் போவோம்.

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் ஏறிப்போனால் லூல்கந்துரத் தோட்டம் வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கையில் வியாபாரத்துக்காகப் பயிரிட்ட முதல் தேயிலை அது. அந்த நிலத்துக்கு 7ஆம் நம்பர் மலை என்று பெயர். அதே ஆண்டில்தான் ரயில் கோச்சியும் கண்டிக்கு வந்தது. அதுவரை இந்த மலைகளில் கோப்பிதான் ராஜா. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை பரவியது. இந்த மாற்றத்தை ஏற்றுமதிக் கணக்காகவே பெரும்பாலும் படிக்கிறோம். இதில் காலத்தைப் பற்றிய ஒரு பெரிய மாற்றமும் நடந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கும் சில மாதங்களுக்கு ஆள் தேவை. அது முடிந்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திரும்பி நடந்தார்கள். தேயிலைக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. வருடம் முழுவதும் துளிர்க்கும், வருடம் முழுவதும் எடுக்கவேண்டும். எங்கள் முன்னோர் லயங்களில் நிரந்தரமாகக் குடியேறியதற்குப் பின்னால் இந்தச் செடியின் கணக்கு இருக்கிறது.

ஒரு மலையில் கொழுந்து எடுத்து முடித்தால் அந்த வேலை முடிந்துவிடாது. ஏழு எட்டு நாளில் அதே மலைக்குத் திரும்ப வரவேண்டும். மழை, வெயில், மலையின் உயரம் பார்த்து நாள் கூடும், குறையும். இந்தச் சுற்றைத் தோட்டத்தில் ரவுண்டு என்பார்கள். ரவுண்டு பிந்தினால் இலை முற்றிவிடும், இரண்டு இலையும் ஓர் அரும்புமாக ஒடிக்கும் பதம் போய்விடும். முந்தினால் ஒடிக்க ஒன்றும் இருக்காது. அதற்கு மேல், செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து இருக்கிறது. ஒவ்வொரு மலையும் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்துக்கு வரும், அதுவும் முறைவைத்து. வாரச் சுற்றுக்குள் நாள் சுற்று, வாரச் சுற்றுக்குள் அடங்காத வருடச் சுற்று. இத்தனையையும் எந்தத் தலையாலும் சுமக்க முடியாது. அதனால்தான் மலைகளுக்கு நம்பர் வைத்தார்கள், எந்த நம்பர் எந்த நாளில் எடுத்தது என்று எழுதி வைத்தார்கள்.

அம்மாவிடம் இதைப் பற்றி நிறையக் கேட்டேன். இரண்டு நாள் அடைமழை பெய்து வேலை நின்றால் என்ன செய்வீர்கள் என்றேன். விட்டுப்போன இரண்டு நாளைப் பாக்கியாக யாரும் சுமப்பதில்லையாம். எந்த மலை முற்றப் பார்க்கிறதோ அதில் முதலில் நெரை பிடித்து, அங்கிருந்து ரவுண்டை நகர்த்துவார்களாம். இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். ஞாயிறுதோறும் போன வாரத்து மிச்ச வரிகளைக் குற்ற உணர்வோடு புதுப் பக்கத்துக்கு எடுத்தெழுதிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. பட்டியலில் விட்டுப்போனது கடனாகிறது. சுற்றில் விட்டுப்போனால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது எது முற்றுகிறது?

தோட்டத்து ஒழுங்கை நான் புகழ்ந்து பாட வரவில்லை. ரவுண்டை எழுதிவைத்த புத்தகம் கொழுந்து எடுத்தவர் கையில் இருந்ததில்லை. வருகைப் பதிவேடான செக்ரோலில் பேர் போடுவது கணக்கப்பிள்ளை. எங்கள் தோட்டத்துத் தமிழில் 'பேர்' என்றாலே ஒரு நாள் சம்பளம். எடை குறைந்தால் அரைப் பேர். தப்பு மேளச் சத்தத்தில் எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று, எந்த மலை என்று சொல்லக் கேட்டு நடந்த பெண்ணுக்குத் தன் நாளைத் தானே திட்டமிடும் பேச்சே கிடையாது. ஆனால் அதே பெண் விடியுமுன் பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்கு வந்தார். மாலையில் விறகுக் கட்டோடு திரும்பினார். எந்தச் செக்ரோலிலும் ஏறாத இந்தச் சுற்றுகளை நடத்தியது அவருடைய சொந்த முறை. கரிக்கோடும் முடிச்சும் அந்த முறையின் எழுத்துகள்.

மனநூல் ஆராய்ச்சி இதில் சொல்ல வைத்திருப்பது கொஞ்சம்தான், ஆனால் பயனுள்ளது. 1927இல் பெர்லினில் புளூமா ஸைகார்னிக் வெளியிட்ட ஆய்வு, முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்றது. பின்னால் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் அந்த விளைவு அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் 2011இல் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் செய்த ஆய்வு வேறொரு வாசலைத் திறந்தது. மனதை உறுத்தும் வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எங்கே எப்படிச் செய்வோம் என்று குறிப்பாகத் தீர்மானித்தாலே உறுத்தல் பெரிதும் அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் அதற்கு முன்பே, 1990களில், 'இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன்' என்று முடிச்சிட்டு வைக்கும் தீர்மானத்தின் வலிமையை ஆராய்ந்திருந்தார். 'அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும்' என்பது ஆசை. 'மாத்திரை டப்பாவில் ஏழு மாத்திரை மிச்சமிருக்கும் காலையில் கிளினிக் கொப்பியை எடுத்துப் பையில் வைப்பேன்' என்பது தீர்மானம். இரண்டாவதை நினைவூட்ட ஆள் தேவையில்லை, டப்பாவே நினைவூட்டும்.

வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி உலகமெங்கும் அதிகம் பேசப்பட்ட நூல் டேவிட் அலன் 2001இல் எழுதியது. தலையில் உள்ளதை எல்லாம் வெளியே கொட்டு, ஒவ்வொன்றுக்கும் அடுத்த கைவேலை என்ன என்று கேள், வாரம் ஒருமுறை அனைத்தையும் திரும்பிப் பார் என்பது அவர் சொல்லும் வழி. எல்லாரும் அதன் பட்டியல்களைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் ஓர் ஓரத்தில் வரும் 43 கோவைகள். நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. இன்றைய கோவையைத் திறந்து காலியானதும் அதையே எடுத்து வரிசையின் கடைசியில் வைக்கவேண்டும், அடுத்த மாதம் அது திரும்பி வரும். அலன் கந்தோர்க்காரர்களுக்காக எழுதினாலும் இந்த ஓரிடத்தில் தேயிலை மலையின் ரவுண்டைத் தொட்டுவிட்டார் என்பேன்.

நம் நாட்டில் உற்பத்தித்திறன் என்றவுடன் எல்லாருக்கும் நினைவு வருவது ஜப்பானிலிருந்து வந்த ஐந்து எஸ் என்ற ஒழுங்குமுறை. பாடசாலை அலுமாரிகளிலும் அரச கந்தோர் இழுப்பறைகளிலும் அதன் சிட்டைகளைப் பார்க்கலாம். பொருளை அதனதன் இடத்தில் வைக்க அது நல்ல வழி. நேரத்துக்கு அது அவ்வளவு உதவாது.

நேரத்துக்கு வழி தேடுகிறவர் கண்டி வாவிக்கரையில் நின்றாலே போதும். தலதா மாளிகையில் அதிகாலை, முற்பகல், மாலை என்று மூன்று வேளை வழிபாடு தினமும் நடக்கிறது. மல்வத்தை, அஸ்கிரிய ஆகிய இரு பீடத்துப் பிக்குமாரும் அந்தப் பொறுப்பை முறைமாற்றி ஏற்கிறார்கள். முரசடிப்பவர், விளக்கேற்றுபவர், மலர் கொண்டுவருபவர் என்று பணிகள் பரம்பரையாகப் பிரிந்து கிடக்கின்றன. ராஜகாரியக் கட்டாய உழைப்பை 1832இல் ஆங்கிலேயர் ஒழித்த பிறகும் கோயில் நிலங்களோடு சேர்ந்த பணிமுறை தொடர்ந்தது. அந்த அமைப்பில் சாதியின் கட்டும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: யார் முறை என்பது தெரிந்திருந்தால் 'இதை இன்று யார் செய்வது' என்ற கேள்வி எழுவதே இல்லை.

தமிழில் 'முறை' என்ற சொல்லைப் பாருங்கள். செய்யும் வழியும் முறை, திரும்பி வரும் தவணையும் முறை, ஒருவருக்கு வந்துசேரும் பங்கும் முறை, நியாயமும் முறைதான். குளத்துத் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சியவர்களுக்கு இந்த நான்கு பொருளும் ஒன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு ஒழுங்குமுறை தேடுகிறவர்கள் இந்த நான்கையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். எப்படிச் செய்வது, எப்போது திரும்பி வரும், யார் பங்கு, அந்தப் பங்கு நியாயமா?

கடைசிக் கேள்விதான் எங்கள் வீட்டில் கடினமாக இருந்தது. பழைய கொப்பியை மூடிவிட்டுப் புதியதில் சுற்றுகளை மட்டும் எழுத உட்கார்ந்தோம். வாரச் சுற்று, மாதச் சுற்று, வருடச் சுற்று. ஐப்பசி மழைக்கு முன் கூரைப் பீலி துப்புரவு செய்வது, வாகன வரிப்பத்திரம் புதுப்பிப்பது, தவணை தொடங்குமுன் பிள்ளைகளின் சப்பாத்து, பெரஹெரா நாட்களில் டவுனுக்குள் பஸ் நகராது என்பதால் அதற்கு முந்திய வாரமே முடிக்கவேண்டிய வங்கி வேலை, போயா தினம் குறுக்கே விழும் மாதத்தில் கிளினிக் நாள் எப்படித் தள்ளிப்போகும் என்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இதுவரை செய்துவந்தவர் பெயரை எழுதினோம். மனைவியின் பெயர் 19 இடத்தில் வந்தது. என் பெயர் நான்கு. அந்த நான்கில் ஒன்றைத்தான் நான் தவறவிட்டிருந்தேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அளந்தபோது, சம்பளமில்லாத வீட்டு வேலையும் பராமரிப்பும் பெண்கள் தலையில் எவ்வளவு அதிகம் கிடக்கின்றன என்பது அரச கணக்கிலும் பதிவானது. அதை நான் முன்பே வாசித்திருந்தேன். எங்கள் கொப்பியில் பார்த்தபோதுதான் பட்டது.

பெயர்களை மாற்றி எழுத இரண்டு ஞாயிறு பிடித்தது. சில சுற்றுகள் என்னிடம் வந்தன, சில மகனிடமும் மகளிடமும் போயின. இரண்டைச் செய்யவே வேண்டாம் என்று தீர்மானித்தோம். கொப்பியின் பின்பக்கத்தை முடிச்சுகளுக்கு ஒதுக்கினேன். குடை தைப்பது, கடிதம் போடுவது போன்ற ஒருதர வேலைகள் அங்கே, ஒரு நாளைக்கு இரண்டு மட்டும். அவற்றுக்கு வுல்ஃபின் விதிதான், வந்த அன்றே. முன்பக்கத்தில் எதையும் வெட்டுவதில்லை. செய்த நாளில் ஒரு கோடு போடுகிறோம், விட்ட நாள் வெறுமையாக இருக்கும். ஒரு சணல் கயிற்றில் கட்டி அடுப்படிக் கதவோரத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். கைத்தொலைபேசியில் செயலிகள் இருக்கின்றன, நானும் பாவித்தேன். ஆனால் தொலைபேசி ஒருவர் சட்டைப்பைக்குள் இருக்கும். ஆணியில் தொங்குவதை வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள், அம்மாவும் பார்ப்பார். பள்ளிக்கூடம் போகாதவர் என்றாலும் கோட்டை எண்ணத் தெரிந்தவர் அவர்.

போன மாதம் கந்தோர் வேலையாக நான் ஐந்து நாள் கொழும்பில் இருந்தேன். கிளினிக் நாள் அதற்குள் வந்தது. திரும்பிவந்த இரவு அடுப்படிக்குப் போய்க் கொப்பியைப் பார்த்தேன். அம்மாவின் வரிசையில் அந்தப் புதன்கிழமைக்கு நேரே, மகளின் பேனாவில், கொஞ்சம் சாய்ந்த ஒரு கோடு. மாத்திரை டப்பா நிறைந்திருந்தது.